ரேஸுக்கு முதல் வண்டி: பழைய ஆர்15 வி2 எப்படி?

ரேஸ் டிராக்கில் ஓட்ட முதல் பைக் எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது யமஹா ஆர்15 வெர்ஷன் 2. 2011-இல் வந்த வண்டி, இப்போது ஷோரூமில் கிடையாது, செகண்ட் ஹேண்டில்தான் தேடிப் பிடிக்க வேண்டும். சொன்னவுடன் பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். 150 சிசியா, 17 குதிரைத்திறனா, இதை வைத்து என்ன ரேஸ் ஓட்டுவது, இன்றைக்குக் கல்லூரிக்குப் போகிற பையன் வைத்திருக்கும் வண்டியே இதை ஓரங்கட்டிவிட்டுப் போகிறதே என்பார்கள். நேர்கோட்டில் அந்த வண்டி தாண்டிப் போகும், அதில் சண்டையே இல்லை. ஆனால் ஒரு ரோட்டு வண்டியை வாங்கிப் பிரித்து, திருத்தி, டிராக்குக்குக் கொண்டுபோய், அதில் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒருமுறை விழுந்தாலும் கடன் வாங்காமல் அடுத்த மாதம் மறுபடி ஓட்ட வேண்டும் என்று நினைக்கிறவருக்கு இதைவிட நல்ல வண்டி நம் நாட்டில் வரவில்லை என்பது என் உறுதியான கருத்து. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இதை ஓட்டியவன் என்ற முறையில் நல்லது கெட்டது இரண்டையும் எழுதுகிறேன்.

2008-இல் முதல் ஆர்15 வந்தபோது நம் ஊர் 150 சிசி வண்டிகள் பெரும்பாலும் காற்றில் குளிரும் இன்ஜினும் சாதாரணக் குழாய் ஃப்ரேமுமாக இருந்தன. இதில் ரேடியேட்டர், நான்கு வால்வு, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், ஆறு கியர் எல்லாம் இருந்தன, எல்லாவற்றுக்கும் மேலாக டெல்டாபாக்ஸ் ஃப்ரேம் இருந்தது. ஹேண்டில் தலையிலிருந்து, பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்ம் பொருந்தும் அச்சு வரைக்கும் அகலமான இரண்டு கைகள் கிட்டத்தட்ட நேராகப் போய்ச் சேரும் அமைப்பு அது. யமஹாவின் பெரிய ரேஸ் வண்டிகளில் வளர்ந்த யோசனையை இதில் ஸ்டீலில் செய்து கொடுத்தார்கள். வெர்ஷன் 2 வந்தபோது இன்ஜினில் பெரிதாகக் கை வைக்கவில்லை, அதே 149.8 சிசி, 8,500 ஆர்பிஎம்மில் 17 குதிரைத்திறன், 7,500-இல் 15 நியூட்டன் மீட்டர். மாற்றமெல்லாம் பின்பக்கம்தான். அலுமினிய ஸ்விங் ஆர்ம் வந்தது, முதல் மாடலில் 100/80 என்று ஒல்லியாக இருந்த பின் டயர் 130/70 ரேடியல் ஆனது, வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம், 1,290 மில்லிமீட்டரிலிருந்து 1,345 ஆக நீண்டது. முதல் மாடல் சட்டென்று திரும்பும், ஆனால் வேகமான வளைவில் பின்னால் லேசாக ஆடும். வி2 அந்த இடத்தில் அசையாமல் நிற்கும். டிராக்குக்கு எது வேண்டும் என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வண்டியைப் பற்றி நான் சொல்ல நினைப்பது இதுதான்: இதன் சேசிஸ் இதன் இன்ஜினைவிடப் பெரியது. இன்ஜின் கொடுக்கும் வேகத்தைப்போல ஒன்றரை மடங்கை இந்த ஃப்ரேம் சாதாரணமாகத் தாங்கும். அதனால் பணத்தை எங்கே போட வேண்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது. டயர், பிரேக், ஃபோர்க், உட்காரும் நிலை, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட். இன்ஜின் கடைசி. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. வண்டி வாங்கிய வாரமே சைலன்சரை மாற்றி, ஏர் பாக்ஸைக் கழற்றிக் கூம்பு ஃபில்டர் போட்டு, முன் பிரேக் பேட் தேய்ந்து உலோகம் தெரிகிற நிலையில் டிராக்குக்கு வருகிறார்கள்.

இன்ஜினைப் பெரிதாக்குவது பற்றி முதலிலேயே பேசிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் கேட்பது அதைத்தான். அம்பத்தூர் பக்கம் லேத் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் பற்றிக் கேட்டேன். "தம்பி, இது ஆர்எக்ஸ் 100 இல்ல, இதுல லைனரே கிடையாது, உள்ள எதைப் போய்க் கடையச் சொல்ற?" என்றார். அவர் சொன்னது சரி. ஆர்15-இல் இருப்பது டயாசில் என்ற சிலிண்டர். சிலிக்கான் அதிகம் கலந்த அலுமினியத்தில் அப்படியே வார்த்தது, உள்ளே இரும்பு லைனர் இல்லை. சூட்டை வேகமாக வெளியே தள்ளும், எடை குறைவு, நன்றாக உழைக்கும். ஆனால் வழக்கமாகச் செய்வதுபோல் கால் மில்லிமீட்டர் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் வேலை இதில் நடக்காது. தேய்ந்துவிட்டால் சிலிண்டரையே மாற்ற வேண்டும், இல்லை உள்ளே தனிக் குழாயாக ஸ்லீவ் அடிக்க வேண்டும். இதே இன்ஜின் இந்தோனேசியாவில் வி-இக்ஸியன் என்ற வண்டியில் 2007-லிருந்தே ஓடுவதால் அந்தப் பக்கமிருந்து பெரிய பிளாக், கேம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஈசியு என்று எல்லாமே வருகின்றன. 57 மில்லிமீட்டர் போரை (சிலிண்டரின் உள்விட்டம்) 62 ஆக்கினால் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) அதே 58.7 என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் 177 சிசி ஆகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் தேசிய சாம்பியன்ஷிப்பில் சின்ன வண்டிகளுக்கான வகுப்பு 165 சிசியோடு முடிகிறது. 177 ஆக்கிய நிமிடம் அந்த வகுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள், மேலே இருக்கிற வகுப்பில் உங்களைவிட இரண்டு மடங்கு சக்தியுள்ள வண்டிகள் காத்துக்கொண்டிருக்கும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் படியுங்கள், வருஷத்துக்கு வருஷம் எதையாவது மாற்றுவார்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்க வேண்டாம், இன்ஜினைச் சரிசெய்யலாம். ஃப்ரேமைப் பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினால் போய் நிற்கும் ஸ்டாப்பர் நசுங்கியிருக்கிறதா, ஹேண்டில் தலையைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருக்கிறதா, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தட்டுப்பட்டால் பேரிங் போய்விட்டது, அது சின்னச் செலவு, விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஃபோர்க் குழாய் வளைந்திருந்தால் விட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள். ஃபேரிங் என்ற வெளி பிளாஸ்டிக் உடைந்து, டேங்க் நசுங்கி, பார்க்கச் சகிக்காமல் இருக்கிற வண்டிதான் நமக்கு வேண்டும். எப்படியும் அதையெல்லாம் கழற்றப் போகிறோம், விலையும் இறங்கும். ஆர்.சி. புத்தகம் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள். டிராக்கில்தானே ஓட்டப் போகிறேன், பேப்பர் எதற்கு என்பார்கள். டெம்போவில் ஏற்றிக்கொண்டு போகும்போது வழியில் நிறுத்திக் கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும், அப்புறம் அது யாருடைய களவுபோன வண்டி என்பது உங்களுக்குத் தெரியாது.

வண்டியைப் பிரிக்கும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஹெட்லைட், இன்டிகேட்டர், கண்ணாடி, ஸ்டாண்டுகள், சேலை கார்டு, பின்சீட்டு ஃபுட் ரெஸ்ட், ஹார்ன், நம்பர் பிளேட் தகடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்துப் பார்த்தால் இத்தனை கிலோவையா இவ்வளவு நாளும் சுமந்துகொண்டிருந்தோம் என்று தோன்றும். கம்பெனிக் கணக்கில் 136 கிலோ உள்ள வண்டி இதெல்லாம் போனபின் கையில் தள்ளும்போதே வேறு வண்டியாகத் தெரியும். வயரிங்கை மட்டும் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம், சைடு ஸ்டாண்ட் போனாலும் இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கட்டாயம் வேலை செய்ய வேண்டும், பந்தயத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையில் முதலில் அதைத்தான் அழுத்திப் பார்ப்பார்கள்.

ஃபேரிங் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரிஜினல் பிளாஸ்டிக்கைப் போட்டுக்கொண்டு டிராக்கில் விழுந்தால் ஒரே சறுக்கலில் துண்டு துண்டாகிவிடும், அதனால் ஃபைபர் பாடி செய்து போடுவது வழக்கம். நான் செய்யக் கொடுத்த இடத்தில் வேலை பளபளவென்று இருந்தது, ஆனால் ஒரு துளைகூட ஃப்ரேமில் இருக்கும் போல்ட் இடத்தோடு சேரவில்லை. இழுத்துப் பிடித்து முறுக்கினால் அந்த இடத்தில் விரிசல். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, வண்டி மேலேயே வைத்துத் துளை போடச் சொல்லுங்கள், பார்சலில் வாங்காதீர்கள். கீழ்ப்பகுதி வெறும் அலங்காரம் இல்லை. இன்ஜின் உடைந்தால் ஆயில் டிராக்கில் கொட்டாமல் அதில் தேங்க வேண்டும், அதனால் ஓட்டை உடைசல் இல்லாத தொட்டி மாதிரி இருக்க வேண்டும். பின்னால் வருகிறவரின் உயிர் அதில் இருக்கிறது.

அதே காரணத்துக்காகத்தான் லாக் வயர், அதாவது போல்ட் கழலாமல் கட்டும் கம்பி. புதிதாக வருகிறவர்கள் இதைச் சலிப்பான வேலை என்று கடைசி ராத்திரிக்கு ஒதுக்கி வைப்பார்கள். எனக்கு இதுதான் ரேஸ் வண்டி கட்டுவதன் மையம். ஆயில் டிரெயின் போல்ட்டின் தலையில் ஒன்றரை மில்லிமீட்டர் பிட்டால் குறுக்கே ஒரு துளை போட வேண்டும். அறுகோணத் தலையில் பிட் வழுக்கும், அதனால் முதலில் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு, வைஸில் இறுக்கிப் பிடித்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, ட்ரில்லை மெதுவாக ஓட்ட வேண்டும், அவசரப்பட்டால் பிட் உள்ளேயே முறிந்து உட்கார்ந்துகொள்ளும். துளை விழுந்ததும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை உள்ளே விட்டு, இரண்டு முனையையும் சேர்த்துக் குறட்டால் சீராக முறுக்கிக்கொண்டே போய், போல்ட் கழல நினைத்தால் கம்பி அதை இறுகும் பக்கமே இழுக்கிற மாதிரி இன்ஜினில் ஒரு நிலையான இடத்தில் கட்ட வேண்டும். திசை மாறினால் கம்பி இருந்தும் பயனில்லை. ஆயில் நிரப்பும் மூடி, ஆயில் ஃபில்டர் மூடி, காலிப்பர் போல்ட் எல்லாவற்றுக்கும் இப்படி. முறுக்கிய கம்பியின் முனையை உள்பக்கம் மடித்து விடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை துடைக்கும்போது விரலைக் கிழிக்கும். ரேடியேட்டரில் கூலன்ட்டைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். கூலன்ட் டிராக்கில் சிந்தினால் காயாது, வழுக்கும், தண்ணீர் காய்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் வெறும் தண்ணீரோடு ஃபேன் அடிக்கடி ஓடும், ரேடியேட்டர் துடுப்புகளில் சேறு அடைத்திருந்தால் அங்கேதான் பிரச்சினை தொடங்கும், பிரஷ் போட்டுக் கழுவிவிடுங்கள்.

பிரேக். முன்னால் 267 மில்லிமீட்டர் டிஸ்க், பின்னால் 220. ரோட்டுக்கு இது போதும், தாராளமாகப் போதும். டிராக்கில் மதிய வெயிலில் தொடர்ந்து சில லேப் ஓட்டினால் லீவர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வர ஆரம்பிக்கும். இதற்குப் பெரிய டிஸ்க் தேவையில்லை. பழைய ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு ஸ்டீல் பின்னல் ஹோஸ், நல்ல பேட், புது டாட் 4 பிரேக் ஃப்ளூயிட், காற்றில்லாமல் பிளீட் செய்வது, அவ்வளவுதான். இந்த வண்டிக்குப் போட்ட பணத்தில் மிகக் குறைந்த பணத்துக்கு மிக அதிக நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது இதுதான் என்று அடித்துச் சொல்வேன். பின் பிரேக்கைத் தொட வேண்டியதே இல்லை.

டயருக்கு நல்ல மென்மையான ரப்பர் வேண்டும், கடையில் போய் கிலோமீட்டர் எவ்வளவு வரும் என்று கேட்காதீர்கள். முன்னால் 90/80 என்ற அளவு ஒல்லியாகத் தெரிந்தாலும் 110 போட்டு வண்டியைக் கனமாக்க வேண்டாம். ரிம் அகலத்துக்கு மீறிய டயர் ஓரங்களில் வளைந்து கிள்ளிக்கொண்டு நிற்கும், சாய்க்கும்போது அதன் உருண்டை வடிவம் கெட்டுப்போயிருக்கும். காற்றை ரோட்டுக்குச் சொல்லும் அளவைவிடக் கொஞ்சம் குறைத்து, ஓட்டி உள்ளே வந்த சூட்டோடு அளந்து குறித்து வையுங்கள். காலை ஏழு மணிக்கும் மதியம் பன்னிரண்டுக்கும் இருங்காட்டுக்கோட்டைத் தார் ஒரே தார் இல்லை.

ஃபோர்க்கில்தான் இந்த வண்டி உண்மையில் ஏமாற்றும். வெளியே திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது, ஸ்ப்ரிங் ரோட்டுக் குழிக்காக மென்மையாக இருக்கிறது, பலமாகப் பிரேக் பிடித்தால் மூக்கு அடிவரைக்கும் போய் உட்கார்ந்துவிடும். கெட்டியான ஆயில் மாற்றி, மேல் மூடிக்கடியில் ஸ்பேசர் வைத்து ஏற்றலாம். எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு: ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டு, சூட், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு வண்டியில் உட்காருங்கள், நண்பர் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், அந்த டை எவ்வளவு தள்ளப்பட்டது என்று அளந்தால் 30 முதல் 35 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஸ்பேசர் போதவில்லை. ஓட்டி வந்தபிறகும் அதே டையைப் பாருங்கள், கடைசிவரை போய் முட்டியிருந்தால் ஆயில் அளவைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். அடுத்த மாடலான வி3-இல் ஃபோர்க் இதைவிடத் தடிமன், அதில் இந்தக் குறை இவ்வளவு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்ப்ராக்கெட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைந்த சக்தி வண்டியில் இதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். வி2-இல் முன்னால் 15 பல், பின்னால் 47. முன்னால் ஒரு பல்லைக் குறைத்து 14 ஆக்குவது பின்னால் மூன்று பல் கூட்டி 50 ஆக்குவதற்கு ஏறக்குறைய சமம். முதலாவது மலிவு, ஆனால் ஒரே தாவலாகத் தாவிவிடும். பின்னால் ஒவ்வொரு பல்லாகக் கூட்டிப் பார்த்தால்தான் டிராக்குக்குப் பொருத்தமான அளவு அகப்படும். கரி ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான், வளைவுகள் நெருக்கமாக வரும், அங்கே குட்டையான கியரிங் வேண்டும். இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள், நீண்ட மெயின் ஸ்ட்ரெயிட் இருக்கிறது, அங்கே அதையே போட்டுக்கொண்டு போனால் ஸ்ட்ரெயிட் முடிவதற்குள் ஆறாவது கியரில் இன்ஜின் கத்திக்கொண்டு நிற்கும், மேலே போக இடமிருக்காது. ஒரு குறிப்பு நோட்டில் எந்த டிராக், எத்தனை பல், ஸ்ட்ரெயிட் கடைசியில் எந்த கியரில் எத்தனை ஆர்பிஎம் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று ஸ்ப்ராக்கெட் வாங்கி வைப்பதற்கு ஆகும் செலவில் நீங்கள் ஒரு பெயர்பெற்ற சைலன்சரின் மூடியைக்கூட வாங்க முடியாது.

சைலன்சர், ஈசியு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மட்டும் மாற்றிவிட்டு ஈசியுவை அப்படியே விட்டால் காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் எரிந்து இன்ஜின் சூடேறும், சத்தம் கூடும், வேகம் கூடாது. மாற்றுவதென்றால் மூன்றையும் சேர்த்து மாற்றி, இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி, கலவையை அளந்து டியூன் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரிஜினலே இருக்கட்டும். ஆயிலை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள், ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் பிடிக்கும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சரி, இவ்வளவும் செய்த வண்டி டிராக்கில் எப்படி ஓடும்? மெயின் ஸ்ட்ரெயிட்டில் உங்களைக் கேடிஎம் ஆர்சி 390 தாண்டிப் போகும், 373 சிசி, 40-க்கு மேல் குதிரைத்திறன், ஒன்றும் செய்ய முடியாது, தலையை டேங்கோடு ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் வளைவுக்குள் அவர் பிரேக் பிடித்து, கனத்தை அடக்கி, திருப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் அவர் பின் டயருக்குப் பக்கத்தில் வந்திருப்பீர்கள். இந்த வண்டி சாய்வில் உட்கார்ந்துவிட்டால் அசையாது. நடு வளைவில் தார் கொஞ்சம் அலையடித்திருந்தாலும் ஹேண்டில் கையில் ஒரு சின்னச் செய்தி மட்டும் வரும், கோடு மாறாது. எந்த வேகத்தில் நுழைந்தோமோ அதில் கொஞ்சத்தை இழந்தாலும் அடுத்த ஸ்ட்ரெயிட் முழுக்க அதற்கு விலை கொடுக்க வேண்டும், 17 குதிரைத்திறன் அந்தத் தவறை மூடி மறைக்காது. பெரிய வண்டியில் பயந்து பிரேக் பிடித்துவிட்டு வெளியே வரும்போது முறுக்கிச் சமாளித்துவிடலாம், லேப் நேரத்தில் அது தெரியவே தெரியாது, அதனால் அந்தத் தவறு உங்களோடு வருஷக்கணக்கில் தங்கிவிடும். ஆர்15 அதை அடுத்த நிமிடமே காட்டிக்கொடுத்துவிடும். வி2-இல் ஸ்லிப்பர் க்ளட்ச் இல்லாததையும் நான் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கியர் இறக்கும்போது ஆக்சிலேட்டரைத் தட்டி வேகத்தைச் சேர்க்காவிட்டால் பின் சக்கரம் குதிக்கும், குதித்தால் கற்றுக்கொள்வீர்கள்.

வேறு வண்டிகளை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். ஆர்எக்ஸ் 100 மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு, 98 சிசியில் 11 குதிரைத்திறன் கொடுத்த டூ ஸ்ட்ரோக்கை இன்றைக்கும் நேர்கோட்டு டிராக் (drag) ரேஸில் தோற்கடிக்கச் சிரமப்படுகிறார்கள், கால் மைல் ஓட்டுவதற்கு அதைவிட ரசனையான வண்டி கிடையாது. ஆனால் சர்க்யூட்டில் டிரம் பிரேக்கும் அந்தக் காலத்து ஃப்ரேமும் போதாது, ஒரிஜினல் பார்ட்ஸ் விலை இப்போது தங்கம் வாங்குகிற மாதிரி ஆகிவிட்டது. டிவிஎஸ் அப்பாச்சி நல்ல தேர்வுதான், ஓசூர்க்காரர்கள் 1982-லிருந்து ரேஸில் இருக்கிறார்கள், 1994-லிருந்து எல்லாரும் ஒரே வண்டியில் ஓட்டும் ஒன் மேக் பந்தயம் நடத்துகிறார்கள், அந்த அனுபவம் வண்டியில் தெரிகிறது. சொந்தமாக வண்டி கட்டாமல் ஓட்ட மட்டும் ஆசை என்றால் அந்த ஒன் மேக்கில் சேருவது புத்திசாலித்தனம், வண்டியை அவர்களே கொடுப்பார்கள். ஆர்சி 390 இரண்டாவது வண்டியாக வாங்கலாம். வி3 155 சிசி, 19.3 குதிரைத்திறன், எல்லா விதத்திலும் வி2-வைவிட வேகமானது. கையில் பணம் இருந்து, விழுந்தால் மனசு உடையாது என்றால் அதையே வாங்குங்கள்.

இதையெல்லாம் செய்து ஓட்டுவதற்கு நமக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் வைக்கோல் கட்டுகளை வைத்துப் பந்தயம் நடத்தி, அப்புறம் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் போட்டார்கள். சோழவரத்துக்குப் போன பெரியவர்கள் இன்னும் அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். நம்மைப் போன்றவர்கள் தடத்தில் ஓட்டும் டிராக் டே அன்றைக்கு ஆம்புலன்ஸ் நிற்கிறது, மார்ஷல்கள் கொடி காட்டுகிறார்கள், எதிரே லாரி வராது. இதை விட்டுவிட்டு ஈசிஆரில் இரவு இரண்டு மணிக்கு ஓட்டுகிறவர்களோடு எனக்கு எந்த ஒட்டும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவில் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது குற்றம், சிறைத்தண்டனைவரை இருக்கிறது. வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றிச் சாலையில் ஓட்டுவதற்கு 52-ஆவது பிரிவு தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், சாலை ஓரத்தில் நடந்து போகிறவர் உங்கள் ரேஸில் பெயர் கொடுக்கவில்லை. இப்படிக் கட்டிய வண்டியை டெம்போவில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும், அந்த வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கில் பலரும் மறப்பது உடைகள். லெதர் சூட், முதுகுக் கவசம், கணுக்கால் மூடும் பூட், முழு கையுறை, பட்டையை இரண்டு வளையத்தில் கோத்து இறுக்கும் டபுள் டி ரிங் உள்ள நல்ல ஹெல்மெட், எல்லாம் சேர்த்தால் பல நேரம் வண்டி விலையைத் தாண்டும். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. முதலில் அவற்றை வாங்கிவிட்டு மீதிப் பணத்துக்கு எந்த வண்டி கிடைக்கிறதோ அதைத் தேடுங்கள், வி2 அந்த மீதிக்குள் அடங்கும். பந்தயத்தில் பெயர் கொடுக்க இந்திய மோட்டார் பந்தயக் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸ் வேண்டும், அதற்கு முன் ஒரு பயிற்சிப் பள்ளியில் ஓட்டிக் கற்றுக்கொண்டு வந்தால் நல்லது.

யாருக்கு இது வேண்டாம்? ஆறடிக்கு மேல் உயரம் என்றால் முழங்கால் கிளிப் ஆன் ஹேண்டிலில் இடிக்கும், ரியர் செட் போட்டுக் கால் வைக்கும் இடத்தைப் பின்னால் தள்ளினாலும் ஓரளவுக்குத்தான். தொழிற்சாலை அணிகளை முதல் வருஷத்திலேயே ஜெயிக்க வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம், அவர்கள் வைத்திருக்கும் 165 சிசி வண்டிகள் வேறு ரகம், இந்தப் பழைய இன்ஜினால் அவற்றைத் தொட முடியாது. தானே ஸ்பேனர் பிடிக்க விருப்பமில்லாமல் எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் விடுகிறவருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஏனென்றால் வயதான வண்டி, ஒவ்வொரு டிராக் டேக்கு முன்பும் போல்ட் போல்ட்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். மற்ற எல்லாரும் தேட ஆரம்பிக்கலாம், நல்ல ஃப்ரேம் உள்ள வி2-கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டுதான் வருகின்றன.